ஆர்மோனியம் முதல் கணிப்பொறி வரை



யூபிலி மலர் ஒன்று வெளிவருகிறதென்றால், கோவிலுக்குக் கால்கோளிட்ட ஆண்டு, மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, பங்கில் பணிபுரிந்த குருக்களின் வரிசை ஆகியன அதில் தவறாமல் இடம்பெறும். பாடகர் குழு அமரும் மூலையில் இருந்த இசைப்பெட்டிக்கு அத்தகைய இடம் கிடைப்பதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் நம் செவிகளில் விழுந்தது அந்தப் பெட்டியின் ஒலியே. ஒரு காலத்தில் உபதேசியார் ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசித்த ஆர்மோனியம் இருந்தது. பிறகு மின்சாரத்தில் இயங்கும் கீபோர்டு வந்தது. இப்போது அந்தக் கீபோர்டிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, பக்கத்து மேசையிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைகிறது.

இந்தக் கம்பியைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் உலவுகின்றன. ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் வாசித்தது போல் கேட்கிறதே என்று இளைஞர் மகிழ்கின்றனர். இனிப் பொறியே பாடிவிடும், பாட ஆள் எதற்கு என்று ஆகிவிடுமோ எனப் பெரியவர்கள் கவலைப்படுகின்றனர். இரு சாராரும் வழக்காடும் முன்னர், இக்கம்பி எங்கிருந்து வந்தது, அதற்குள் ஓடுவது யாது என்பதை அறிந்துகொள்வது நலம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிகள் வந்த வழி

கோவிலுக்குள் வந்த எந்த இசைக்கருவியும் எதிர்ப்பின்றி வந்ததில்லை. இன்று ஆலய இசையின் அரசி எனப் போற்றப்படும் குழாய் ஆர்கன், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தெசிபியுஸ் என்னும் பொறியாளரால் அமைக்கப்பட்டது. உரோமையர் அதைக் கேளிக்கை அரங்குகளில் வாசித்தனர். கி.பி. 757-இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்தந்தீன், பிராங்கு நாட்டு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதற்குப் பின்னரே மேற்கு ஐரோப்பாவின் துறவற மடங்களிலும் பேராலயங்களிலும் அக்கருவி படிப்படியாக இடம்பெற்றது. கேளிக்கை அரங்கில் இருந்தது வழிபாட்டுக்கு உரியதாகப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

குழாய் ஆர்கன் வாங்க வசதியற்ற சிற்றாலயங்களுக்கு ஆர்மோனியம் கைகொடுத்தது. 1840-களின் தொடக்கத்தில் பாரிசு நகரத்து அலெக்சாந்தர் தெபேன் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாற்காலியில் அமர்ந்து இரு கால்களாலும் துருத்தியை மிதித்து வாசிக்கும் பெட்டி அது. நம் நாட்டிலோ இசைவாணர் தரையில் அமர்ந்து வாசிப்பவர். எனவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் துருத்தியைப் பெட்டியின் பின்புறத்துக்கு மாற்றி, கையால் அசைக்கும்படி செய்தார். நம் சிற்றூர்க் கோவில்களிலும் நாடக மேடைகளிலும் நாம் கண்டது அந்தக் கைப்பெட்டியே.

அந்தப் பெட்டிக்கும் சோதனை வராமல் இல்லை. சுரத்தை அசைக்கவும் வழுக்கவும் இயலாத கட்டைகளைக் கொண்டது, இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று கூறி 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அத்தடை 1971-இல்தான் தளர்த்தப்பட்டது. ஆர்மோனியத்தின் மீது அன்று சுமத்தப்பட்ட குறை கணிப்பொறியையும் விடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

திருச்சபையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கருவிகளையும் ஏற்றதில்லை. 1903 நவம்பர் 22-ஆம் நாள், இசைக் கலைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாளின் திருநாளன்று, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசைமடல் பியானோவை ஆலயத்தில் வாசிக்கலாகாது என விலக்கியது. 1935-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, அதை விரும்பி வாங்கியவர்களுள் கோவில்களும் முன்னணியில் இருந்தன. ஆயினும் 1958 செப்டம்பர் 3-ஆம் நாள் உரோமையின் சடங்குமுறைப் பேராயம் விடுத்த அறிவுரை, குழாய் ஆர்கன் வாங்க வழியில்லாத இடங்களில் ஆயரின் அனுமதியோடு தற்காலிகமாக மட்டுமே மின்சார ஆர்கனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்தது. ஆட்களின்றித் தானே இசைக்கும் பொறிகளையும், ஒலிப்பதிவுகளையும் வழிபாட்டில் பாடகருக்குப் பதிலாக வைக்கலாகாது என்றும் அது கண்டிப்பாகக் கூறியது. ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குப் பின் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழாய் ஆர்கனைப் பெரிதும் மதித்துப் போற்றி, திருவழிபாட்டுக்கு ஏற்றவையாக அமையும் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

எழுத்துக்குள் அடங்கிய இசை

கணிப்பொறிக்குச் செல்லும் கம்பியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் ஒரு துறவியை நினைவுகூர வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த அரெட்சோ நகர் குய்தோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியே அவர். அக்காலத்தில் பாட்டு பெரும்பாலும் வாய்வழியே வந்தது. ஆசிரியர் பாட, சீடர் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். குய்தோ கோடுகள் வரைந்து, அவற்றின் மீதும் இடையிலும் சுரங்களைக் குறித்து, கேளாத பாட்டையும் கண்ணால் பார்த்தே பாடலாம் என்று காட்டினார். பத்தாண்டு முயன்றும் கைவராதது ஓரிரு ஆண்டுகளில் கைவரும் என்பது அவருடைய துணிபு. பாப்பரசர் பத்தொன்பதாம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, தாமே ஏட்டைப் பார்த்துப் பாடி வியந்தார்.

எழுத்து என்பது ஒலி அன்று. ஒலியை எவ்வாறு எழுப்புவது என்னும் கட்டளை. இதை நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவில் தெளிவான வேறுபாட்டை வகுத்துத் தந்தவர். வாயில் வேறாக ஒலிப்பது ஏட்டிலும் வேறாகத் தெரிய வேண்டும் என்பதே அவர் கருத்து. ஒலிக்கு ஏற்ப எழுத்தைத் திருத்தலாம். எழுத்துக்கு ஏற்ப ஒலியைச் சிதைக்கலாகாது. இந்நெறியை மனத்தில் வைத்து மேலே செல்வோம்.

ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாத காலம்

1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலார் கணிப்பொறியைக் கொண்டு 17 வினாடி நேரம் இசை எழுப்பினார். அக்கணிப்பொறி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்பது, வீட்டுக்கு உரியதன்று. மற்றொரு புறம், 1964 முதல் ராபர்ட் மூக் போன்றோர் மின்னொலிக் கருவிகளைச் செய்யலாயினர். இவையே ஆங்கிலத்தில் சிந்தசைசர் எனப்படும் கருவிகள். 1970-களில் இவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருகின.

ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலவில்லை. ஒன்று ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறியதாகக் கொண்டது. மற்றொன்று வேறு கணக்கைக் கையாண்டது. அதனால் மேடையில் ஒரு கலைஞரைச் சுற்றி நான்கைந்து கீபோர்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வாசிக்க வேண்டும். பாபேல் கோபுரத்தின் நிலை இசைக்கருவிகளுக்கும் நேர்ந்திருந்தது.

இந்நிலையை மாற்ற எண்ணியவர்களுள் இருவர் முக்கியமானவர். ஒருவர் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி. 1930-இல் பிறந்த இவர் இரண்டு வயதிலேயே பெற்றோரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். இளமையில் தாமும் அந்நோயால் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, அப்போது புதிதாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் பிழைத்தெழுந்தார். 1972-இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மற்றவர் அமெரிக்கரான டேவ் ஸ்மித். சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்தியவர். 1981-இல் ககேஹாஷி பிற நிறுவனத்தாரோடு பொதுமொழி ஒன்றின் தேவையைப் பேசத் தொடங்கினார். அதே ஆண்டு ஸ்மித் அத்தகைய மொழிக்கான வரைவு ஒன்றை ஒலிப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைத்தார். யமஹா, கோர்க், கவாய் முதலிய போட்டி நிறுவனங்களும் இம்முயற்சியில் இணைந்தன.

1983 சனவரியில் கலிபோர்னியாவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகர் கண்காட்சியில் ஸ்மித்தின் கருவியும் ரோலண்ட் கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்த, மற்றொன்றும் இசைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அம்மொழியின் இலக்கணம் வெளியிடப்பட்டது. அதன் பெயர் மிடி. 'இசைக்கருவிகளுக்கான எண்முறை இணைப்பு' என்று அதை விரித்துரைக்கலாம். இம்மொழியைப் பயன்படுத்த எவரும் உரிமத் தொகை செலுத்த வேண்டியதில்லை என அவர்கள் தீர்மானித்தனர். சந்தையில் ஒருவரையொருவர் வெல்லத் துடித்தவர்கள், ஒரு மொழியை மட்டும் பொதுவுடைமையாக விட்டுவைத்தனர். இவ்விருவருக்கும் இதற்காக 2013-இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது. ககேஹாஷி 2017-இலும், ஸ்மித் 2022-இலும் மறைந்தனர்.

கம்பிக்குள் ஓடுவது என்ன?

பலர் நினைப்பது போல இந்தக் கம்பியில் இசை ஓடுவதில்லை. ஒலியின் சாயல்கூட அதில் இல்லை. ஓடுவன எண்களே. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று செய்திகள் செல்கின்றன: கட்டை அழுத்தப்பட்டது, இன்ன எண்ணுள்ள கட்டை, இவ்வளவு வேகத்தோடு. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. நடு ஸ்தாயியின் ஒன்றாம் கட்டைக்கு எண் 60. விரலை எடுத்ததும் எடுத்தாயிற்று என்று இன்னொரு செய்தி போகும். வினாடிக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில் இவை ஓடுவதால், ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

ஒரே கம்பியில் 16 தடங்கள் உண்டு. அஞ்சல்காரர் ஒரே பையில் பதினாறு வீட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இடுவது போல, புல்லாங்குழலுக்குரிய கட்டளையும் வயலினுக்குரிய கட்டளையும் ஒரே கம்பியில் வந்து தத்தம் இடம் சேரும். இதில் வியப்பான ஒரு நுட்பமும் உண்டு. பழைய வட்டமுனைக் கம்பி ஒரு கருவிக்குள் நுழையுமிடத்தில், மின்சாரம் நேராக உட்செல்வதில்லை. அங்குள்ள ஒரு சிறு விளக்கு மின்னி மின்னி அணைய, எதிரே உள்ள உணர்கருவி அவ்வொளியைப் படித்துக்கொள்கிறது. ஒரு கருவியின் இரைச்சல் மற்றதில் ஏறாதிருக்கவே இந்த ஏற்பாடு. செய்தி ஒளியாய்த் தாண்டிச் செல்கிறது.

சேமிப்பிலும் பெருத்த வேறுபாடு உண்டு. குறுந்தகட்டின் தரத்தில் மூன்று நிமிடப் பாட்டொன்றின் ஒலியைப் பதிந்தால் சுமார் 32 மெகாபைட் இடம் வேண்டும். அதே பாட்டை மிடி கட்டளைகளாகப் பதிந்தால் சில பத்துக் கிலோபைட்டுகளே போதும். முன்னது பாட்டின் ஒலி. பின்னது பாட்டின் ஏடு. குய்தோ கோடுகளில் எழுதியதைக் கணிப்பொறி எண்களில் எழுதுகிறது, அவ்வளவே.

வீட்டுக்கு வந்த கணிப்பொறி

மிடி பிறந்த வேளையும் நல்ல வேளை. அப்போதுதான் வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கணிப்பொறிகள் மேலைநாடுகளில் பரவிக்கொண்டிருந்தன. கம்மடோர் 64 என்னும் கணிப்பொறியோடு கீபோர்டை இணைக்கும் துணைக்கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1984-இல் ரோலண்ட் நிறுவனம் எம்.பி.யு. 401 என்னும் இணைப்புப் பெட்டியை வெளியிட்டது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணிப்பொறியிலோ மிடி துளைகள் உடலிலேயே பொருத்தப்பட்டிருந்தன. துணைக்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதனால் ஐரோப்பிய இசைக்கூடங்களில் அது நெடுங்காலம் நிலைத்தது.

நம் நாட்டில் அக்காலத்தில் கணிப்பொறி அரிய பொருள். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிகள் தேர்ந்த சில பள்ளிகளுக்கு வந்தன. வெளிநாட்டு மின்னணுக் கருவிகள் மீது இறக்குமதி வரி கடுமையாக இருந்தது. எனவே நம் மாநிலத்தில் கீபோர்டும் கணிப்பொறியும் கைகோத்தது முதலில் சென்னையின் திரையிசைக் கூடங்களிலேதான். ஆர்மோனியத்தில் தொடங்கிய இளையராஜா, 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்குக் கணிப்பொறியின் துணையைக் கையாண்டார். 'கம்ப்யூட்டர் இசை' என்ற சொல் அப்போதுதான் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள் வரை பேசப்பட்டது.

அக்காலத்தில் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்துவந்த இளைஞர் ஒருவர் பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் எனப் புகழ்பெற்றார். அவர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோதே தந்தை ஆர்.கே. சேகரை இழந்தவர். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது. அவர் 1989-இல் தம் வீட்டின் பின்புறத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992 ஆகஸ்டில் வெளியான 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவாயிற்று. அவ்வாண்டுக்கான தேசிய விருதையும் பெற்றது. வீட்டுக்குள் அமர்ந்து ஒருவர் கருவியையும் கணிப்பொறியையும் இணைத்து நாடறிய இசை படைக்கலாம் என்று தமிழ் இளைஞர் நம்பத் தொடங்கியது அது முதற்கொண்டே. ஆனால் அப்படத்தின் பாடல்களைப் பாடியவர்கள் மனிதர்களே என்பதை நம் இளைஞர் மறக்கலாகாது. கணிப்பொறி மேளத்தை ஒழுங்குபடுத்திற்று. மனத்தை உருக்கியது மனிதக் குரலே.

1999-இல் யூ.எஸ்.பி. என்னும் பொதுக் கம்பி வழியே மிடி செல்ல நெறி வகுக்கப்பட்டதும், பழைய வட்டமுனைக் கம்பியின் தேவை குறைந்தது. இன்று நம் கோவிலில் உள்ளது போன்ற கீபோர்டின் முதுகில் அச்சுப்பொறிக்கு உள்ளது போன்ற சதுரத் துளை இருக்கும். அங்கிருந்து கம்பி நேரே கணிப்பொறிக்குச் செல்லும். பழைய வட்டமுனைக் கருவியாயின், கீபோர்டின் 'அவுட்' துளையிலிருந்து வரும் கம்பியை இணைப்புப் பெட்டியின் 'இன்' துளையில் செருக வேண்டும். இணைத்தும் கணிப்பொறியில் ஒன்றும் கேட்கவில்லையே என்று மலைப்பவர் உண்டு. மேலே சொன்னதை நினைத்தால் காரணம் விளங்கும். கம்பியில் வந்தது கட்டளை மட்டுமே. அதை ஒலியாக்கும் இசைமென்பொருள் கணிப்பொறியில் இயங்கினால்தான் காதில் விழும். பாடுவோரின் குரலைப் பதிய வேண்டுமானால் அதற்கு ஒலிவாங்கியும் தனி இணைப்பும் தேவை.

மலைக்கு இதனால் என்ன பயன்?

கள்ளக்குறிச்சி நகரிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரிகிறது. 1976 வரை சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பலாகாது, மலையில் வாழ்வோர் என்றே பொருள். சாலையும் பள்ளியும் மின்சாரமும் சமவெளியை விடப் பிந்தியே அங்குச் சென்றன. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமான பிறகும், வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குச் சென்று வருவது ஒரு நாள் வேலைதான்.

அத்தகைய ஊர்களில் பாட்டு கற்பிக்க ஆள் கிடைப்பது அரிது. இங்கேதான் இக்கம்பியின் முதற்பயன் விளங்குகிறது. நகரில் ஒருவர் வாசித்துப் பதிந்ததை, மலையூரில் உபதேசியார் தம் கைப்பேசியிலேயே பெற்றுக்கொள்ளலாம். பழைய ஒலிநாடாவில் பாட்டை மெதுவாக ஓடவிட்டால் சுருதியும் இறங்கி, குரல் குடத்துக்குள் பேசுவது போலாகும். மிடியில் அந்த இடர் இல்லை. நாலு கட்டையில் வாசித்த பாட்டு பிள்ளைகளுக்கு எட்டவில்லையா? எல்லா எண்களிலும் இரண்டைக் கழிக்கக் கணிப்பொறிக்குச் சொன்னால் அது இரண்டரைக் கட்டைக்கு இறங்கும், காலம் மாறாது. காலத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாது. வலக்கை வாசித்ததை மட்டும் ஒலிக்கவிட்டு, மற்றதை நிறுத்திவைக்கலாம். பொறுமை இழக்காத ஓர் ஆசிரியர் கிடைத்தது போலாகும்.

ஆயினும் ஆர்மோனியத்துக்கு 1940-இல் நேர்ந்த வழக்கு இங்கேயும் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் என்பதே மிடியின் அடிப்படைக் கணக்கு. நம் இசையோ கட்டைகளுக்கு இடையில் வாழ்கிறது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில் சுருதிகளின் நுண்கணக்குக்கே நூற்றுக்கணக்கான பக்கங்களைச் செலவிட்டார். மிடியில் சுரத்தை வளைக்க ஒரு வழி உண்டு; கீபோர்டின் ஓரத்திலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பினால் 16,384 படிகளில் சுரம் வளையும். ஆனால் அது அந்தத் தடத்திலுள்ள எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்துவிடும். 2020-இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 என்னும் புதிய இலக்கணம் ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்க இடம் தருகிறது. வீரமாமுனிவர் எழுத்தைத் திருத்தியது போல இதுவும் ஏட்டைத் திருத்தும் முயற்சியே.

ஆகவே மலைமக்களின் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் கீபோர்டில் வாசித்துக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் அவை காப்பாற்றப்பட்டன என்று எண்ணுவது தவறு. கட்டைக்குள் அடங்காத குழைவெல்லாம் வடிகட்டப்பட்டு, சக்கை மட்டுமே மிஞ்சும். நாளடைவில் பிள்ளைகள் அச்சக்கையையே அசல் என்று கற்பர். பாட்டியின் பாட்டு பிழை என்று தோன்றும். இதுவே உண்மையான அபாயம். பொறி பாடகரை விரட்டுவதைக் காட்டிலும், பொறியின் அளவுக்குப் பாட்டைக் குறுக்கிக்கொள்வது பெரிய இழப்பாகும்.

நாம் செய்யத்தக்கது

தொடக்கத்தில் எழுந்த வழக்குக்கு இனி விடை காணலாம். கம்பியில் ஓடுவது கட்டளையே என்று கண்டோம். கட்டளை தானாகப் பிறப்பதில்லை. எங்கோ ஒருவர் விரல் வைத்த பிறகே அது உண்டாகிறது. எனவே கணிப்பொறி ஓர் ஏடு, பாடகர் ஆகாது. ஏட்டைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் பாடுவோர் வீட்டுக்குச் செல்லலாமா? 1958-ஆம் ஆண்டு அறிவுரையின் விதிகள் பல, சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தங்களோடு சேர்த்துப் படிக்கத்தக்கவை. ஆனால் 1967-இல் வெளியான திருஇசை பற்றிய அறிவுரையும், கருவி வாசிப்போர் கைத்திறனோடு நில்லாமல் திருவழிபாட்டின் உணர்வை உள்ளூர அறிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. குரு பீடத்தில் சற்றுத் தாமதித்தால் காத்திருக்கவும், இறந்தோர் திருப்பலியில் தாயின் அழுகுரல் கேட்டு ஒலியைத் தணிக்கவும், மக்கள் தடுமாறும்போது சுரத்தைப் பிடித்துக்கொடுக்கவும் அறிந்தவரே வாசிப்பவர். பதிந்துவைத்த கட்டளைக்கு இவை தெரியா.

ஆகவே மூன்றை நம் பங்கு மக்கள் முன் வைக்கிறேன். முதலாவது, கணிப்பொறியைப் பயிற்சிக்கும், பாட்டு கற்பிக்கவும், புதிய இசை அமைக்கவும் தாராளமாகப் பயன்படுத்துவோம். திருப்பலியில் பதிந்த இசையை ஓடவிட்டுப் பாடகர் குழுவை வெறும் பார்வையாளர் ஆக்காதிருப்போம். இரண்டாவது, மலையூர்களின் முதியோர் பாடும் பாட்டை அவர்கள் இசைவோடு அவர்கள் குரலிலேயே ஒலியாகப் பதிந்து, பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதிவைப்போம். அதன்பின் வேண்டுமானால் கீபோர்டில் அமைக்கலாம். மூன்றாவது, ஆண்டுக்கு இரு பிள்ளைகளையேனும் முறையாக வாசிக்கப் பழக்குவோம். அதோடு மூலையில் தூசு படிந்து கிடக்கும் ஆர்மோனியத்தின் துருத்தியையும் பழுதுபார்த்து வைப்போம். மழைக்காலத்து மாலையில் மின்சாரம் நின்றால் கீபோர்டும் கணிப்பொறியும் மௌனமாகிவிடும். ஆர்மோனியத்துக்கு மின்சாரம் வேண்டாம்.

போட்டி நிறுவனத்தார் ஒன்றுகூடி, விலை கேளாமல் ஒரு பொதுமொழியை உலகுக்கு ஈந்தனர். அதனால்தான் எந்த ஊரில் செய்த கீபோர்டும் எந்த நாட்டுக் கணிப்பொறியோடும் பேசுகிறது. ஒரே பங்கில் ஒரே பீடத்தைச் சுற்றி நிற்கும் நாம், ஆர்மோனியம் வாசித்த முதியவரும் கணிப்பொறி அறிந்த இளைஞரும், ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொள்வது அத்துணை அரிதோ? வரும் செசிலியாள் திருநாளில் பாடகர் குழுவில் இரு சாராரும் அருகருகே அமர்ந்து பாடினால், இந்த யூபிலி ஆண்டின் நற்பலன்களுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படும்.